பிழைத்து வந்த சின்னம்மா

என் சின்னம்மா தன் வலது மார்பைத் தானே தைத்துக்கொண்டவர். சிராங்கூன் சாலைக்குப் பின்புறத் தெரு ஒன்றில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடியில், சன்னலை ஒட்டிப் போட்டிருந்த தையல் இயந்திரத்தில் அவர் அதைத் தைத்துக்கொண்டிருந்த பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சித்தப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி, தலையணையைப் பிரித்து எடுத்த இலவம்பஞ்சு, ஊசி, நூல், அவ்வளவுதான். முதலில் தைத்த பை எடையே இல்லாமல் மேலே மேலே ஏறித் தோளருகே வந்து நின்றது. அதனால் அடுத்ததில் பஞ்சுக்கு நடுவே ஒரு கைப்பிடி பச்சைப்பயறு போட்டு மூடினார். அது கொஞ்சம் சொன்னபடி கேட்டது. ரவிக்கைக்குள் வைத்து, முந்தானையை இழுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியின் முன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்று பார்த்தார்.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. ஈரமும் வியர்வையுமாக இருந்த ஒரு நாள் மாலை, உள்ளறையிலிருந்து சின்னம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் ஓடிப் போனேன். கையில் அந்தப் பை இருந்தது. தையல் இடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாய் முளைகள் எட்டிப் பார்த்தன.

“இங்க வந்து பாரு பாப்பா, என் நெஞ்சுல பயிரு மொளச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எல்லாருக்கும் சுண்டல் பண்ணிப் போட்டிருக்கலாம்.”

நானும் சிரித்தேன். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அந்த நோயைப் பற்றி அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசியதும் சிரித்ததும் அநேகமாக அந்த ஒரு முறைதான். பிறகு அவர் பயற்றுக்குப் பதில் அரிசியை வறுத்துப் போட ஆரம்பித்தார். வறுத்த அரிசி முளைக்காது.

நான் சிறு குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டதால், அம்மாவின் தங்கையான சின்னம்மாதான் என்னை வளர்த்தார். சித்தப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அவர்களுக்கு ஒரே மகள், என் தங்கை, என்னைவிட நான்கைந்து வயது இளையவள். ஐம்பதுகளின் நடுவில் சின்னம்மாவின் வலது மார்பில் கட்டி வந்தபோது, வீட்டில் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை எல்லாம் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. மார்பு முழுவதையும் எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் மார்புக்கு அடியில் இருந்த தசையையும் சேர்த்து எடுத்தார்கள். புண் ஆறியபின் கீழ்த்தளத்து அறை ஒன்றில் வாரக்கணக்கில் எக்ஸ்ரே கதிர் வைத்தார்கள். தோல் கறுத்து, உரிந்து, மெல்ல மெல்ல ஆறியது.

எதையும் வரிசைப்படுத்தி மனத்தில் வைத்துக்கொள்வது எனக்குச் சிறு வயதுப் பழக்கம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்னவற்றையும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அந்தக் கையால் கனமானதைத் தூக்கக் கூடாது. அதில் வெட்டுக்காயம் படக் கூடாது. சூடு வைக்கக் கூடாது. அழுத்தித் தேய்க்கக் கூடாது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன். சின்னம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் சித்தப்பா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“யாரு கேட்டாலும் கொழாயடியில வழுக்கி விழுந்து தோள்பட்ட முறிஞ்சிருச்சுன்னு சொல்லணும். புரியுதா பாப்பா?”

“ஏன் சித்தப்பா? அறுவை பண்ணி நல்லாயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரே?”

“உன் தங்கச்சிய நாளைக்கு ஒருத்தர் வந்து பொண்ணு கேக்கணும்ல? அதுக்குத்தான்.”

என் தங்கை அப்போது பாவாடை சட்டையோடு தெருவில் நொண்டியாடிக்கொண்டிருந்த சிறுமி. ஆனால் சித்தப்பாவின் பயத்துக்கு அவர் பக்கத்தில் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் மனைவி, நாங்கள் பெரியம்மா என்று அழைத்தவர், சில ஆண்டுகளுக்கு முன் அதே நோயில் இறந்திருந்தார். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்று கட்டி புண்ணாகி வெடிக்கும்வரை சேலைக்குள் மறைத்து வைத்திருந்து, யாருக்கும் தொல்லை கொடுக்காமல் போய்ச் சேர்ந்தவர் என்று குடும்பத்தில் அவரைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்களுக்கு ஒரே நோய் என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? சித்தப்பா அப்படித்தான் கணக்குப் போட்டார்.

சித்தப்பாவின் குடும்பம் தென்னாற்காட்டிலிருந்து வந்தது. பூவும் பொட்டுமாக இறந்த பெண்ணை அவர்கள் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் என்ன நல்ல காரியம் என்றாலும், முதலில் அவரை ஒரு செம்புத் தண்ணீரில் அழைத்து வந்து, பூச்சுற்றி, புதுப்புடவை சாத்தி, படையல் வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதன் பிறகுதான். பூசை முடிந்ததும் அந்தப் புடவையை வீட்டின் மூத்த சுமங்கலி எடுத்துக் கட்டிக்கொள்வார். பெரியம்மா இறந்தபின் அவர்தான் எங்கள் பூவாடைக்காரி. கூடத்தில் அவர் படம் இருந்தது. மூத்த சுமங்கலியின் இடம் சின்னம்மாவுக்கு வந்தது.

பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். ஆனால் அது தொடர்ந்து வேலை வாங்கியது. முறிந்த எலும்பு சில மாதத்தில் கூடிவிடும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். கூடிய கையால் தண்ணீர் தூக்கலாம், மாவு இடிக்கலாம், தேக்கா மார்க்கெட்டிலிருந்து கூடை சுமந்து வரலாம். சின்னம்மா சில மாதங்களுக்குப் பிறகும் கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, கீழ்வீட்டு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. நல்ல மனது அவருக்கு. சொந்தக் கையால் நல்லெண்ணெய் காய்ச்சிக் கிண்ணத்தோடு மாடியேறி வந்தார்.

“எலும்பு கூடியாச்சுல்ல, இன்னும் என்ன கையத் தாங்கித் தாங்கிப் புடிச்சுக்கிட்டு? எங்க வீட்டுக்காரருக்குக் கப்பல்ல விழுந்து முறிஞ்சப்ப நான்தான் உருவி விட்டேன். இப்ப மூட்ட தூக்குறாரு லா. உக்காரு, சும்மா வெக்கப்படாத.”

சின்னம்மா ரவிக்கையைக் கழற்ற மாட்டேன் என்றார். சரி, கையை மட்டும் நீட்டு என்றார் அக்கா. மறுக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. தேய்க்கக் கூடாது, சூடு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் குறுக்கே சொன்னேன். எந்த டாக்டர் எலும்புக்குச் சூடு வேண்டாம் என்றார் என்று அக்கா சிரித்தார். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். தினமும் மாலை அவர் வந்து முழங்கையிலிருந்து தோள்வரை அழுத்தி அழுத்தி உருவினார். ஆமணக்கு இலையைத் தணலில் வாட்டி ஒற்றடம் கொடுத்தார். அந்தத் தோலில் உணர்ச்சி பாதி இல்லாததால், இலை எவ்வளவு சுட்டது என்று சின்னம்மாவுக்கே தெரியவில்லை. கொப்புளம் வந்தது. கொப்புளத்தில் சீழ் வந்தது. காய்ச்சல் வந்து பிதற்றினார். கை தொடை பருமனுக்கு வீங்கியது. காய்ச்சல் இறங்கியது. வீக்கம் இறங்கவில்லை. கொஞ்சம் வற்றும், பிறகு பழையபடி ஆகும். இன்றுவரை அப்படித்தான்.

அந்தக் காய்ச்சலின்போதுதான் அவருடைய வலக்கை வளையல்கள் சதைக்குள் பதிந்துபோயின. தங்கக் காப்பை ஆசாரி வந்து அறுத்து எடுத்தார். கண்ணாடி வளையல்களை என்ன செய்வது? புருஷன் உயிரோடு இருக்கையில் உடைக்கக் கூடாது என்று சின்னம்மா அந்த நிலையிலும் அழுதார். சோப்பு நுரை போட்டுப் பார்த்தோம், எண்ணெய் போட்டுப் பார்த்தோம். கடைசியில் சித்தப்பாதான் ஈரத்துணியைச் சுற்றி, குறட்டால் ஒவ்வொன்றாக நெரித்தார். அந்தச் சத்தம் கேட்காமலிருக்க என் தங்கையை நான் கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அதன் பிறகு எந்த அளவு வளையலும் அந்தக் கையில் ஏறவில்லை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, இடக்கையில் வளையல், வலக்கை மட்டும் மொட்டை. கோயிலில் பெண்கள் முதலில் அந்தக் கையைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். வளைகாப்பு, நலங்கு என்று அழைக்க வருபவர்கள் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். நல்ல குரலில் நலங்குப் பாட்டுப் பாடக்கூடியவர் என்று ஒரு காலத்தில் அவரைத் தேடி வந்த அதே பெண்கள்தான்.

சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில், கோயிலுக்குப் போகிறேன் என்று அர்ச்சனைத் தட்டோடு சின்னம்மா கிளம்புவார். அங்கே தழும்பை அழுத்திப் பார்ப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள். கையைக் காட்டினால், இந்த அறுவைக்குப் பிறகு அது சகஜம், உயிர் மிஞ்சியதே பெரிது என்பார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. சின்னம்மா வீட்டுக்கு வந்ததும் தட்டிலிருந்த தேங்காயை உடைத்துச் சட்னி அரைப்பார்.

பள்ளி முடித்ததும் நான் எக்ஸ்ரே தொழில் படித்து, கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். கருவியின் கோணம், உடம்பிலிருந்து அதன் தூரம், கதிரின் அளவு, மறைக்க வேண்டிய இடம், இந்த வரிசையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல பயிற்சி. இன்றும் என் கை தவறாது. ஆனால் கதிர் முடிந்து கதவைத் திறந்து வெளியே போகிறவர் எங்கே போகிறார், யார் வீட்டில் எந்த மூலையில் உட்கார்கிறார் என்பது எங்கள் பாடத்தில் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு வந்து நின்றால் அவர் எங்களுக்கு வெற்றி. தொண்டை அறுவைக்குப் பின் குரல் போன ஒரு சீனக் கிழவர், தன் பேரப் பிள்ளைகள் தன்னைக் கண்டால் ஓடுகிறார்கள் என்று சிலேட்டில் எழுதிக் காட்டிய அன்று, எங்கள் தலைமை டாக்டர் அவர் தோளைத் தட்டி, மிகவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று வாழ்த்தி அனுப்பினார். எனக்குச் சின்னம்மாவின் அர்ச்சனைத் தட்டு ஞாபகம் வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்கு மாறினோம். தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது. சின்னம்மாவுக்கு அது பெரிய விடுதலை, வாளி தூக்க வேண்டியதில்லை. தங்கை வளர்ந்தாள், தட்டெழுத்துப் படித்தாள், நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. கல்யாணத்தில் சின்னம்மா முழங்கைக்குக் கீழே வரும் நீண்ட கை ரவிக்கை போட்டு, சரிகைத் தலைப்பை வலத்தோளில் போர்த்தி, புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் இடப்பக்கம் காட்டி நின்று சமாளித்தார். பூவாடைக்காரிக்குச் சாத்திய அரக்குப் புடவையை அன்று அவர்தான் கட்டினார். பழைய முறிவு, வீக்கம் வடியவே இல்லை என்ற கதையைச் சம்பந்தி வீட்டார் நம்பினார்கள். சித்தப்பாவின் கணக்கு பலித்துவிட்டது. அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தங்கை உண்டாகியிருந்த சமயம், அவள் மாமியார் ஒரு நாள் பிற்பகல் பலகாரத்தோடு வந்தார். எல்லோரும் அவரைச் சம்பந்தியம்மா என்போம். பெரிய பேச்சுக்காரர், உதவிக்கு முன்னால் நிற்பவர். சின்னம்மா காப்பி கலந்துகொண்டிருந்தபோது திடீரென மழை பிடித்துக்கொண்டது. குவீன்ஸ்டவுன் வீடுகளில் சமையலறை சன்னலுக்கு வெளியே மூங்கில் கழி நீட்டித் துணி உலர்த்துவோம். “நீங்க இருங்க சம்பந்தி, அந்தக் கைய வச்சுக்கிட்டு எங்க இழுக்கப் போறீங்க” என்று சொல்லி, சம்பந்தியம்மாவே ஓடிப்போய்க் கழியை உள்ளே இழுத்தார். சேலைக்கு அடியில் மறைத்து உலர்த்தியிருந்த ரவிக்கை அவர் கையில் வந்தது. வலப்பக்கம் தைத்திருந்த பையோடு.

அன்று நான் வேலையில் இருந்தேன். மாலையில் சின்னம்மா சொல்லித்தான் தெரியும். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லையாம். பதினாலு வருசமா, பதினஞ்சா, எனக்கே மறந்துபோச்சு, இனிமே என்னால முடியாதுன்னு ஆயிருச்சு பாப்பா, என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா அவருடைய வீங்கிய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாராம். இவ்வளவு கஷ்டத்தையும் ஒத்தையாளா சுமந்தீங்களே சம்பந்தி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, என்றாராம்.

அந்த ஒரு வாரம் சின்னம்மா நடந்த நடையே வேறு. உள்ளே நடமாடும்போது கையை மறைக்கவில்லை. என்னோடு சிராங்கூன் சாலைக்கு வந்து தங்கையின் வளைகாப்புக்கு வளையல் வாங்கினார். கடைக்காரரிடம் சிவப்பு, பச்சை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து எடுத்தபின், தனக்குப் பெரிய அளவாக ஒன்று காட்டச் சொன்னார். அவர் எடுத்துப் போட்ட பெரியதும் விரல் முட்டியில் நின்றது.

“இதுக்கு மேல யானைக்குத்தான்ம்மா செய்யணும்” என்றார் கடைக்காரர்.

“பரவால்ல, என் கையில ஏறலன்னா என்ன, என் பொண்ணு கையில நான் ஏத்துறேன்” என்றார் சின்னம்மா, சிரித்தபடியே.

வீட்டில் பயிற்சி செய்தார். வீங்கிய விரல்களால் கண்ணாடி வளையலைப் பிடித்து, நொறுக்காமல், என் மணிக்கட்டுவரை தள்ளுவார். இரண்டு உடைந்தன. பிறகு கைப்பழக்கம் வந்துவிட்டது. தாய் கைதான் முதல் வளையல் போடவேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம். அதை வலக்கையால் போட வேண்டும் என்பது அவர் ஆசை. எத்தனையோ ஆண்டாக எத்தனையோ வீட்டு நிகழ்ச்சிகளில் பின்னால் நின்றவர் இந்த ஒன்றில் முன்னால் நிற்க விரும்பினார். வேறெதுவும் கேட்கவில்லை.

வளைகாப்பு தாய்வீட்டில்தான் என்பதால் எங்கள் வீட்டிலேயே ஏற்பாடு. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தங்கை தனியாக வந்தாள். வந்ததும் உட்காரவில்லை. சன்னல் பக்கம் நின்றுகொண்டு பேசினாள்.

“ம்மா, அன்னிக்கு மட்டும் நீ கொஞ்சம் உள்ளயே இருந்துக்கம்மா. அத்தைக்கு உன் மேல ஒண்ணும் இல்ல. மனசுல ஏதோ பயம் லா. மொதப் புள்ளைல்ல. ஒரு நாள்தானே.”

“யாரு போடுவா மொத வளையல?”

“அத்தை போடுறேன்னு சொன்னாங்க.”

சின்னம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, “பசியாறிட்டியா? தோசை ஊத்துறேன், உக்காரு” என்று சமையலறைக்குப் போய்விட்டார். யாருக்காக அந்தப் பொய் தொடங்கியதோ அவளே சொன்னபின் அவருக்கு மறுப்பதற்கு என்ன இருந்தது?

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து நேரே சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். இது ஒட்டும் நோயல்ல, இத்தனை ஆண்டுக்குப் பிறகு திரும்பவும் வரவில்லை என்றால் குணமானதாகத்தான் பொருள், குழந்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். இந்த வேலையில் இருப்பவள் சொன்னால் கேட்பார் என்று நம்பினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எனக்குக் காப்பி கொடுத்தார்.

“நீ படிச்ச பொண்ணு, நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும்மா. உங்க சின்னம்மா கையால நான் எத்தன தடவ சாப்பிட்டிருக்கேன், இனியும் சாப்பிடுவேன். ஆனா நல்ல காரியத்துல முழுசா இருக்கிறவங்க கைதான் மொதல்ல படணும். இத நான் பண்ணி வைக்கல. இருக்கிறது அப்படி.”

அறியாமையாக இருந்தால் என்னால் பேசித் தீர்த்திருக்க முடியும். அவரிடம் இருந்தது அறியாமை இல்லை. இரக்கமும் இருந்தது, அதைத் தொடாமல் இந்தக் கட்டுப்பாடும் இருந்தது. இரண்டும் ஒரே மனத்தில் சண்டையில்லாமல் குடியிருந்ததை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். சித்தப்பாவிடமும் கேட்டேன். “பிரச்சின வேணாம் பாப்பா, பொண்ணு வாழுற வீடு” என்றார்.

வளைகாப்பன்று சின்னம்மா இருட்டோடு எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாவற்றையும் தானே கிளறினார். யாரையும் கரண்டி தொட விடவில்லை. அந்தக் கை சோறு கிளறுவதற்கு ஆனது. வளையல் போடத்தான் ஆகவில்லை. விடிந்ததும் சித்தப்பா குளித்து, செம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாயடிக்கு வந்தார். ஊரில் குளக்கரைக்குப் போய் அழைப்பார்களாம். குவீன்ஸ்டவுனில் ஏழாவது மாடியில் ஏது குளம்? சின்னம்மா விலகி வழிவிட்டார். சித்தப்பா செம்பைக் குழாயில் பிடித்து, பூ மிதக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “வா தாயே, முன்ன நின்னு நடத்திக் குடு” என்று அழைத்தார். அப்படியே செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

கூடத்தின் நடுவே பலகை போட்டுச் செம்பை வைத்தார்கள். புதிய பட்டுப்புடவையைக் கொசுவி அதற்குச் சாத்தினார்கள். மல்லிகைப் பூச்சரத்தைச் சுற்றினார்கள். நான் மணமாகாதவள் என்பதால் எனக்கும் அங்கே வேலை இல்லை. சமையலறை வாசலில் சின்னம்மாவோடு நின்றேன். அடுக்களைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் அந்தச் செம்பைப் பார்த்தார்.

“அன்னிக்கு நானும் டாக்டர்கிட்ட போக மாட்டேன்னு அடம்புடிச்சிருந்தா, இந்நேரம் எனக்கும் ஒரு செம்பு வச்சிருப்பாங்க பாப்பா. பட்டும் பூவுமா கூடத்துக்கு நடுவுல உக்காந்திருப்பேன்” என்றார். குரலில் அழுகை இல்லை. சரிபார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். இரண்டு பெண்களுக்கும் வந்தது ஒரே கட்டி. மறைத்து வைத்து இறந்தவர் தெய்வமாகிக் கூடத்தில் இருந்தார். காட்டிக் குணமாக்கிக்கொண்டவர் அடுப்படியில் நின்றார்.

பெண்கள் வந்தார்கள். சந்தனம் பூசினார்கள். சம்பந்தியம்மா வேப்பிலைக் காப்பு போட்டு, அதன்மேல் முதல் வளையலை ஏற்றினார். பிறகு ஒவ்வொருவராக. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் சமையலறைவரை வந்துகொண்டிருந்தது. சின்னம்மா தயிர்ச்சோற்றுக்குத் தாளித்தார். சத்தம் நின்றபோது அடுப்பை அணைத்தார்.

எல்லோரும் போனபின் மாலையில் சித்தப்பா அந்தப் பட்டுப்புடவையை மடித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். சின்னம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

“இந்தா, கட்டிக்க. உனக்குத்தான்.”

சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. “வேணாங்க.”

“வழக்கம்மா இது. வீட்டுல மூத்தவ நீதானே.”

“வழக்கந்தானே காலையில என்னை உள்ள நிக்க வச்சது” என்றார் சின்னம்மா. பிறகு கையைக் கழுவிக்கொண்டு அவருக்கு நேரே திரும்பினார். “அது போய்ச் சேர்ந்தவங்களுக்கு எடுத்தது. அவங்களுக்கே இருக்கட்டும். நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.”

சித்தப்பா புடவையோடு அப்படியே நின்றார். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன்.

இது நடந்து ஓராண்டு ஆகப்போகிறது. பேரன் பிறந்து நன்றாக இருக்கிறான், சம்பந்தியம்மா பயந்த எதுவும் நடக்கவில்லை. சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் சின்னம்மாவைப் பார்த்த புதிய டாக்டர், தமிழர், இனிச் சோதனைக்கு வரவே தேவையில்லை, முழுக் குணம் என்று சொல்லிக் கைகுலுக்கினார். வலக்கையைத்தான் குலுக்கினார். அந்தக் கையைப் பற்றி அவரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கதிர் முடிந்து கடைசி நாள் வரும் பெண்களை நான் கொஞ்சம் உட்கார வைக்கிறேன். வீட்டில் யாருக்குத் தெரியும், என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். சீனப் பெண், மலாய்ப் பெண், தமிழ்ப் பெண் யாராக இருந்தாலும் அநேகமாக ஏதோ ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைக்கு நான் மருந்து கொடுக்க முடியாது. கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று மாலை சம்பந்தியம்மா வந்திருந்தார். பேரனுக்குக் காது குத்து, அவர் வீட்டில். வெற்றிலை பாக்குத் தட்டோடு, தங்கையையும் அழைத்துக்கொண்டு, முறையாக வந்திருந்தார். சின்னம்மாவின் அருகில் நெருங்கி உட்கார்ந்து, “நீங்க கண்டிப்பா வரணும் சம்பந்தி, நீங்க இல்லாம எப்படி” என்றார். மனமார அழைத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சின்னம்மா தட்டை இடக்கையால் தாங்கி வலக்கையால் வாங்கிக்கொண்டார்.

“வர்றேன் சம்பந்தி. எங்க உக்காரணும்னு மட்டும் இப்பவே சொல்லிருங்க.”

சம்பந்தியம்மா வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள், போட்டாள், மறுபடியும் கழற்றினாள். காப்பி ஆறிப்போனது. அவர்கள் கிளம்பும்வரை யாரும் பதில் சொல்லவில்லை.